புதுப்பிப்பு: விசைகளைப் பார்க்காமல் தட்டச்சு – எது பலித்தது

குனிந்து விசைகளைத் தேடித் தேடித் தட்டும் மாணவர்களுக்கு எந்த இணையத்தளம் உதவும் என்று ஆங்கிலத் தட்டச்சு பற்றி இங்கே கேட்டிருந்தேன். யோசனை சொன்ன எல்லோருக்கும் நன்றி.

பலித்தது கீபிஆர் (keybr) என்ற தளம்தான். சில எழுத்துகளை மட்டும் முதலில் தருகிறது. அவற்றில் குறித்த வேகம் வந்த பிறகே அடுத்த எழுத்து திறக்கும். விரல் தடுமாறும் எழுத்து திரும்பத் திரும்ப வரும். சொற்கள் பெரும்பாலும் பொருளற்றவை என்பதால் ஊகித்து அடிக்க வழியில்லை. அடியோடு புதியவர்களுக்கு மட்டும் டைப்பிங்கிளப் முதலில் நல்லது. எந்த விரல் எந்த விசைக்கு என்று திரையிலேயே கை காட்டுகிறது. எஃப், ஜே விசைகளில் இருக்கும் சிறு மேட்டை விரலால் தடவிக் கண்டுபிடிக்கப் பழகினாலே பாதிக் குனிதல் நின்றுவிடுகிறது.

எதிர்பாராதவையும் உண்டு. ஆரம்பத்தில் எல்லோருக்கும் வேகம் குறைந்தது. "பழைய மாதிரியே அடிச்சுக்கிறேன்" என்று முனகல் வேறு. அப்புறம், கீபிஆரில் பெரிய எழுத்தும் நிறுத்தக்குறியும் நாமாகக் கூட்டினால்தான் வரும். கூட்டாமல் பழகியவர்கள் நிஜப் பத்தியில் ஷிஃப்ட் விசையிடம் மாட்டிக்கொண்டார்கள். மங்கிடைப் (Monkeytype) என்ற இன்னொரு தட்டச்சுத் தளத்திலும் நிறுத்தக்குறி, எண் இரண்டையும் சேர்த்துக்கொள்ளலாம்.

ஒரே கணினியைப் பலர் பயன்படுத்தினால் ஆளுக்கொரு கணக்கு தேவை. உள்நுழையாவிட்டால் கீபிஆர் முன்னேற்றத்தை உலாவியிலேயே சேமிக்கிறது. ஒருவர் முன்னேற்றம் மற்றவருடையதோடு கலந்துவிடும்.