புதுப்பிப்பு: மூளையில் இருந்த மலைப்பாம்புப் புழு

முந்தைய பதிவில் ஆஸ்திரேலியப் பெண்ணின் மூளையிலிருந்து புழு எடுத்த கதையைச் சொல்லி, “பாம்பைத் தொட்டிருப்பார்” என்று போகிறபோக்கில் எழுதிவிட்டேன். தவறு. திருத்திக்கொள்கிறேன்.

அந்த 64 வயதுப் பெண் பாம்பைத் தொடவே இல்லை. வீட்டருகே ஏரிக்கரையில் வாரிகல் கீரை பறித்துச் சமைப்பவர். அங்கே கார்ப்பெட் மலைப்பாம்புகள் உண்டு. பாம்பின் எச்சத்தில் வெளியேறிய புழுமுட்டைகள் கீரையில் ஒட்டியிருந்து, கை வழியாகவோ பாத்திரம் வழியாகவோ வயிற்றுக்குள் போயிருக்கலாம் என்பதே மருத்துவர்களின் ஊகம்.

புழுவின் பெயர் ஒஃபிடாஸ்காரிஸ் ராபர்ட்சி. வழக்கமாக முட்டையைச் சிறு விலங்குகள் விழுங்கும், அவற்றைப் பாம்பு விழுங்கும், பாம்புக்குள் புழு முதிரும். மனிதர் இந்தச் சுற்றிலேயே இல்லை. அதனால்தான் போக்கிடம் தெரியாத இளம்புழு உடம்பெல்லாம் அலைந்திருக்கிறது. 2021 ஜனவரியில் வயிற்றுவலி, வறட்டு இருமல். மறுவருடம் மறதியும் மனச்சோர்வும். 2022 ஜூனில் கான்பெராவில் அறுவை செய்தபோது வந்தது 8 செ.மீ. நீளம், உயிரோடு நெளிந்தபடி! இந்தப் புழு மனிதரிடம் கண்டறியப்பட்டது அதுவே முதல்முறை.

“தொற்றுமா?” என்று கேட்டவர்களுக்கு: ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குப் பரவாது. கீரையை நன்றாக அலசுங்கள், கையையும்.