ஸ்கேனில் ஒன்றும் இல்லை என்றார்கள்

குழு: கம்பம்–குமுளி வீட்டுப் பெண்கள்

செல்விச் சித்தி, காலை 6.10
அக்கா, இந்த மாதமும் சின்னவள் விலக்கான முதல் இரண்டு நாளும் பள்ளிக்கூடம் போகவில்லை. நேற்று இரவு சுருண்டு படுத்துக்கொண்டு, மலம் கழிக்கும்போதுகூட வலிக்கிறது என்று அழுதாள். ஸ்கேனில் ஒன்றும் இல்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள்.

பெரியம்மா, 6.25
மோரில் வெந்தயத்தைப் போட்டு விழுங்கச் சொல், செல்வி. உளுந்தங்களி கிண்டிக் கொடு. இந்த வலியோடுதான் நாங்களும் ஜீப்பில் ஏறிக் கம்பம்மெட்டு தாண்டி ஏலக்காய் எடுக்கப் போனோம். ஒரு பிள்ளை பிறந்தால் சரியாகிவிடும்.

நான், 7.02
பெரியம்மா, களி கொடுப்பதில் குற்றமில்லை. ஆனால் பிள்ளை பிறந்தால் சரியாகும் என்று எல்லோரும் சொன்னதை நம்பித்தான் நான் ஒன்பது ஆண்டுகளைத் தொலைத்தேன். எனக்கு வந்த நோயின் பெயர் எண்டோமெட்ரியோசிஸ். மாதந்தோறும் கருப்பைக்குள் வளர்ந்து உதிரும் படலத்தைப் போன்ற ஒன்று, கருப்பைக்கு வெளியே சினைப்பையிலும் குடலிலும் மூத்திரப்பையிலும் ஒட்டி வளர்ந்து, புண்ணாகித் தழும்பேறி, சில நேரம் உறுப்புகளையே ஒன்றோடொன்று ஒட்டவைத்துவிடுகிறது. உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்கில், பிள்ளை பெறும் வயதுப் பெண்களில் ஏறத்தாழ பத்தில் ஒருவருக்கு, அதாவது 19 கோடிப் பேருக்கு இது இருக்கிறது.

சித்தி, விலக்கு நாளில் மலம் கழிக்கும்போது வலிக்கிறது என்று எழுதினீர்களே, அதைப் படித்துத்தான் உடனே எழுதுகிறேன். இதுதான் என்று நான் சொல்ல முடியாது, ஆனால் மருத்துவரிடம் அதை மறைக்காமல் சொல்ல வேண்டும். சினைப்பையில் பழைய ரத்தம் தேங்கிய சாக்லேட் கட்டி இருந்தால் ஸ்கேனில் தெரியும். மெல்லிதாகப் படர்ந்திருந்தால் தெரியாமலே போகலாம்.

செல்விச் சித்தி, 7.20
வயிற்றில் துளை போட்டுப் பார்த்தால்தான் தெரியுமாமே? கல்யாணமாகாத பெண், பயமாக இருக்கிறது.

நான், 7.31
முன்பெல்லாம் லேப்ராஸ்கோப்பி செய்து கண்ணால் பார்த்தால்தான் உறுதி என்பார்கள். ஐரோப்பிய மருத்துவர்களின் 2022ஆம் ஆண்டு வழிகாட்டுதலுக்குப் பிறகு அது கட்டாயமில்லை. அறிகுறிகளையும் ஸ்கேனையும் வைத்தே ஹார்மோன் மாத்திரை தொடங்கிப் பார்க்கலாம். சின்னவளுக்கு உள்வழி ஸ்கேனும் வேண்டியதில்லை, வயிற்றின் மேல் வைத்தே எடுப்பார்கள், தேவைப்பட்டால் எம்ஆர்ஐ. பிள்ளை பிறக்காது என்று யாராவது பயமுறுத்தினால் நம்பாதீர்கள். சிலருக்குத் தாமதமாகிறது, பலருக்குத் தானாகவே பிறக்கிறது.

போகும்போது வலி வந்த தேதி, வலித்த இடம், போட்ட மாத்திரை, பள்ளிக்குப் போகாத நாள் எல்லாவற்றையும் நாள்காட்டியில் குறித்து எடுத்துப் போங்கள். கோட்டயத்தில் மருத்துவர் என்னிடம் "வேதனை எத்ர நாளாயி?" என்று கேட்டபோது, மலையாளத்தில் வலிக்கு அதுதான் சொல் என்பது தெரியாமல், மனக்கவலையைக் கேட்கிறார் என்று நினைத்து, அப்படியெல்லாம் ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டேன். அந்த ஒரு பதிலால் இன்னும் ஆறு மாதம் போயிற்று.

பெரியம்மா, 8.05
கவிதா, எனக்குக் கர்ப்பப்பையை எடுத்த பிறகும் ஐந்தாறு வருடம் அதே வலி இருந்ததே, அதுவும் இதுதானா?

நான், 8.07
இருந்திருக்கலாம், பெரியம்மா. வெளியே ஒட்டியிருப்பது கர்ப்பப்பையை எடுத்தாலும் போகாமல் இருக்கலாம். அன்றைய சீட்டு இருந்தால் படம் எடுத்து அனுப்புங்கள்.

பெரியம்மா, 8.10
பீரோவில் தேடிப் பார்க்கிறேன். செல்வி, வெந்தயத்தை நிறுத்தாதே, ஆனால் இந்த வாரமே கூட்டிக்கொண்டு போ.