1385, 1385ன்னு எத்தனை நாளைக்குய்யா ஏலம் விடுவீங்க?

வரலாறு வாத்தி:
மைதிலி போட்ட பதிவைப் படிச்சதுலேருந்து எரிச்சல் அடங்கல. இத்தாலியில ஃபுளோரன்ஸ் ஊரு அன்டினோரி குடும்பம் "1385லேருந்து 26 தலைமுறையா மாறாத பாரம்பரியத்தோட ஒயின் செய்யுது"ன்னு எழுதியிருக்காங்க, கீழ வரிசையா கைதட்டல் வேற. 1385ல நடந்தது என்னன்னு ஒருத்தராவது பாத்தீங்களா? ஜொவான்னி தி பியெரோ அன்டினோரிங்கறவர் ஃபுளோரன்ஸ் ஒயின் வியாபாரிகள் சங்கத்துல சேந்தாரு. அவ்ளோதான். சங்கத்துல பேரு குடுத்த வருஷம் அது. அந்தக் குடும்பம் பட்டு வியாபாரமும் பண்ணிச்சு, பணம் கொடுக்கல் வாங்கலும் பண்ணிச்சு, ஒயின் அதுல ஒண்ணு. இன்னிக்கு உலகம் பூரா ஓடுற அவங்க சிவப்பு ஒயின் தின்யானெல்லோ தனிப் பேர்ல எப்ப வந்துச்சு தெரியுமா? 1971. அம்பது வருஷச் சரக்கை 1385 போர்டு மாட்டி விக்கறாங்க, நீங்க அதுக்கு நோட்டீஸ் ஒட்டறீங்க.

மைதிலி:
வாத்தியாரே, ஒயின் தொழில்ல இல்லாதவன் ஒயின் சங்கத்துல எதுக்குச் சேரப் போறான்? 1385ல சேந்தாருன்னா அதுக்கு முன்னாடியே தொழில்ல இருந்திருக்காருன்னுதானே அர்த்தம். நீங்களே எனக்கு ஆதாரம் எடுத்துக் குடுத்துட்டு நீங்களே கத்தறீங்க. 26 தலைமுறை ஒரே குடும்பம், இன்னிக்கு பியெரோ அன்டினோரியோட மூணு பொண்ணுங்க அல்பியேரா, அல்லேக்ரா, அலேசியா நடத்தறாங்க. இது சாதாரண விஷயமா?

கடலோடி:
1385 கூட லேட்டுதான். பார்ஜினோல இருக்கற அவங்க புது ஒயினரிக்குப் போயிருக்கேன், மாடில ஒரு ரெஸ்டாரன்ட், பேரே ரினுச்சோ 1180. கோம்பியாத்தே கோட்டைல 1180லயே ரினுச்சோ தி அன்டினோரோன்னு ஒருத்தர் ஒயின் பண்ணினாருன்னு சொல்றாங்க. அந்தக் கட்டடம் இருக்கே, தூரத்துலேருந்து பாத்தா ஒண்ணுமே தெரியாது, மலைச்சரிவுல கத்தி வெச்சு ரெண்டு கோடு கிழிச்சாப்ல இருக்கும், கூரை மேலயே திராட்சைக் கொடி, உள்ள டெரகோட்டா வளைவுக்குக் கீழ வரிசையா பீப்பா, மண்ணுக்குள்ள புதைஞ்சு கிடக்கறதால குளிர்ச்சி தானா நிக்குது. 2012ல திறந்தாங்க. பழசும் புதுசும் சேர்றதுன்னா அதுதான்.

வரலாறு வாத்தி:
ஓ, இப்ப 1180ஆ? சூப்பர். அப்ப கம்பெனிக்காரன் 1180ஐ சோத்துக் கடை போர்டுல மட்டும் போட்டுட்டு ஒயினுக்கு ஏன் 1385 சொல்றான்? ஏன்னா 1385க்குத்தான் சங்கத்துப் பதிவு இருக்கு. அதைத்தானே நானும் சொல்றேன், அது ஒரு பதிவு. இப்ப இருக்கற கம்பெனியா உருவெடுத்தது 1890கள்ல, லோதோவிகோ, பியெரோன்னு ரெண்டு அண்ணன் தம்பி காலத்துல. நம்மூரு பலகாரக் கடை போர்டுல தாத்தா தட்டுக்கூடை தூக்கின வருஷத்தை "ஸ்தாபிதம்"னு போடறாப்ல இருக்கு கதை.

பழைய பாட்டில்:
வருஷத்தை விடுங்கப்பா. பாரம்பரியத்தைக் கெடுத்தவங்களையே பாரம்பரியம்னு கொண்டாடறதுதான் கொடுமை. கியான்டி கிளாசிக்கோங்கற தஸ்கனி ஒயின் மண்ணுல உக்காந்துகிட்டு பிரான்ஸ் திராட்சை கேபர்னேவைக் கலந்து, அந்த நாட்டு போர்தோ ஒயின் மாதிரி சின்ன ஓக் பீப்பால போட்டு வெனிலா வாசனை ஏத்தினா அது இத்தாலி ஒயினா? எனக்கு அதே மண்ணுல ஒயின் பண்ற மொந்தேவெர்தினேக்காரங்கதான் மனுஷங்க. 1977ல லே பெர்கோலே தோர்தேன்னு ஒரு ஒயின், முழுக்க முழுக்க உள்ளூர்த் திராட்சை சாஞ்சோவேசே. சட்டம் ஒத்துக்கலைன்னதும் கியான்டி கிளாசிக்கோ தயாரிப்பாளர் சங்கத்தை விட்டே வெளிய வந்தாங்க, ஆனா கேபர்னேவைத் தொடல.

மைதிலி:
பாட்டில் சார், பாதிக் கதை சொல்லாதீங்க. 1967ல வந்த கியான்டி சட்டம் சிவப்பு ஒயினுக்குள்ள குறைஞ்சது 10 சதவீதம் வெள்ளைத் திராட்சை போட்டே ஆகணும்னுச்சு, 30 வரைக்கும் போடலாம். டிரெபியானோ, மால்வாசியா. விளைச்சல் கொட்டும், ருசி தண்ணி. அந்தக் காலத்து கியான்டின்னா வைக்கோல் சுத்தின குடுவைல வர்ற மலிவுச் சரக்குன்னு உலகமே சிரிச்சுச்சு. கியான்டி கலவைக்கே வழி சொன்ன பரோன் பெத்தீனோ ரிக்காசோலி 1872ல எழுதின கடிதத்துலயே, நாள்பட வெக்கற ஒயினுக்கு மால்வாசியா வேண்டாம்னுதான் இருக்கு. அப்ப தின்யானெல்லோ 1975ல வெள்ளைத் திராட்சையைச் சுத்தமா தூக்கினது பாரம்பரியத்தை மீறினதா, பாரம்பரியத்துக்குத் திரும்பினதா?

பழைய பாட்டில்:
ரிக்காசோலி கடிதத்துல கேபர்னேன்னு ஒரு எழுத்து இருக்கா? காட்டுங்க.

வரலாறு வாத்தி:
மைதிலி நீங்க நல்லாத்தான் பேசறீங்க, ஆனா பாருங்க, நீங்க சொல்றது பூரா என் கட்சி. 1970ல தின்யானெல்லோ முதல்ல கியான்டி கிளாசிக்கோ ரிசெர்வான்னுதான் வந்துச்சு, 1971ல அந்தப் பேரையே தூக்கி எறிஞ்சுட்டு வெறும் "மேசை ஒயின்"னு லேபிள் ஒட்டினாங்க, ஊர்லயே கீழ்ப்படி லேபிள் அது. ஜாக்கோமோ தாக்கிஸ்னு ஒரு ஒயின் நிபுணர், போர்தோலேருந்து எமில் பெய்னோ யோசனை, சின்ன பீப்பா. 1982லேருந்து 80 சாஞ்சோவேசே, 15 கேபர்னே சாவிஞ்ஞான், 5 கேபர்னே ஃபிராங்க்னு நிலைச்சுது. இதெல்லாம் புதுசு, துணிச்சல், ஒத்துக்கறேன், நானே கையெடுத்துக் கும்பிடறேன். ஆனா இதுல 1385 எங்க வருது? 1971ல துணிஞ்சவனுக்கு 1385 எதுக்கு ஊன்றுகோல்?

குட்டி சோமு:
வாத்தி 1385 சொல்லும்போதெல்லாம் ஒரு மடக்கு குடிக்கறதுன்னு நானும் ரூம்மேட்டும் பந்தயம் கட்டினோம். இப்ப ரூம்மேட்டைக் காணோம்.

நிலவன்77:
தின்யானெல்லோதான் முதல்ல புரட்சி பண்ணிச்சுங்கற மாதிரி ரெண்டு பேருமே பேசறீங்களே. சான் ஃபெலிச்சேங்கற கம்பெனி 1968லயே விகோரெல்லோங்கற ஒயினைப் போட்டாச்சு, அதுவும் கியான்டி கிளாசிக்கோ மண்ணுலயே. சாசிக்காயாங்கற ஒயினும் 1968 விளைச்சல்தான், தஸ்கனி கடலோரத்து போல்கெரில. அன்டினோரி மூணாவது ஆள்.

மைதிலி:
சாசிக்காயா பண்ணின மாரியோ இன்சிசா பியெரோவுக்குச் சித்தப்பா முறைதான், ரெண்டு வீட்டு அம்மாக்களும் அக்கா தங்கச்சி. சாசிக்காயாவை வெளிய விக்கறதுக்கு வழி பண்ணினதே அன்டினோரி வீடு, அங்கயும் அதே தாக்கிஸ்தான். வாயைத் திறக்கறதுக்கு முன்னாடி உறவுமுறையாவது பாத்துக்கோங்க தம்பி.

நிலவன்77:
சித்தப்பா பண்ணினதெல்லாம் இவரு கணக்குல வரவா? சூப்பர் குடும்பம் அக்கா. விகோரெல்லோவும் பெரியப்பா வீடா?

வண்டிச்சோலை:
எல்லாரும் பிரபு வீட்டு மரத்தையே சுத்தி வர்றீங்க. 26 தலைமுறையா கொடிக்கு மண்ணு அணைச்சவன் யாரு? தஸ்கனி பூரா வாரக்குடி. மெத்சாத்ரியான்னு பேரு, விளைஞ்சதுல பாதி நிலக்காரனுக்கு, பாதி உழுதவனுக்கு. 1964ல புது வாரக் குத்தகையே கூடாதுன்னு சட்டம் வந்துச்சு, குடியானவங்க நகரத்து ஃபேக்டரிக்குப் போனாங்க, தோட்டமெல்லாம் ஆள் இல்லாம கிடந்து கண்ணுமண்ணு தெரியாம அதிக விளைச்சல் ரகத்தை நட்டாங்க. பியெரோ பொறுப்புக்கு வந்தது 1966ல. பழைய முறை செத்ததாலதான் புதுமை வந்துச்சு, மேதாவித்தனத்தால இல்ல. பாரம்பரியமாம்.

கடலோடி:
வண்டிச்சோலை எந்த இழைக்கு வந்தாலும் இதே டேப்புதான். காஃபிக்கும் இதான், பட்டுக்கும் இதான்.

வண்டிச்சோலை:
எந்த இழையிலயும் பதில் வரலையே, அதான்.

பழைய பாட்டில்:
யாரும் கேபர்னேவுக்கு பதில் சொல்லல, கவனிச்சுக்கறேன்.

மைதிலி:
சொல்றேன், கேட்டுக்கோங்க. இன்னிக்கு கியான்டி கிளாசிக்கோ விதி என்ன? சாஞ்சோவேசே குறைஞ்சது 80, மிச்சம் 20ல கேபர்னே வரலாம். வெள்ளைத் திராட்சையை 2006லேருந்து அவங்களே தடை பண்ணிட்டாங்க. தின்யானெல்லோ கலவை 80, 15, 5. கூட்டிப் பாருங்க. அன்டினோரி இறங்கிப் போகல, சட்டம்தான் ஏறி அவங்க வாசலுக்கு வந்துச்சு. இன்னிக்கும் அவங்க நெனச்சா கியான்டி கிளாசிக்கோ சேவல் முத்திரையோட விக்கலாம், வேணாம்னு வெறும் தஸ்கானா ஐஜிடிங்கற பொதுவான வட்டார லேபிள்ல விக்கறாங்க. அதுதான் கெத்து.

பழைய பாட்டில்:
அது கெத்து இல்லம்மா, கொழுப்பு. விதியை வளைக்கத் தெரிஞ்சவன் கையில சங்கம் இருந்துச்சு, வளைச்சான். 2021ல கியான்டி கிளாசிக்கோவோட உச்சப் படி கிரான் செலெசியோனேக்கு 90 சாஞ்சோவேசே, மிச்சமும் உள்ளூர் ரகம்தான்னு சங்கமே முடிவெடுத்துச்சே, அதை ஏன் சொல்லல? காத்து எந்தப் பக்கம் அடிக்குதுன்னு இப்பவாச்சும் தெரியுதா?

வரலாறு வாத்தி:
ரெண்டு பேரும் தெரு மாறிப் போயிட்டீங்க. கேள்வி ஒண்ணே ஒண்ணு: 1385. 1928ல நிக்கோலோ அன்டினோரி வில்லா அன்டினோரிங்கற ஒயினை வெளியிட்டாரு, போர்தோ ரகங்களைக் கலந்து பாத்து அக்கம்பக்கத்துல திட்டும் வாங்கினாரு, அதைச் சொல்லுங்க கேக்கறேன். தின்யானெல்லோ தோட்டத்துல வெள்ளை அல்பெரேசே கல்லை உடைச்சு கொடிக்கடியில பரப்பி வெக்கறாங்க, வெயில் பட்டுத் தெறிச்சு பழம் பழுக்கட்டும்னு, அதைச் சொல்லுங்க கேக்கறேன். அதெல்லாம் அவங்க கையால செஞ்சது. 2007ல அமெரிக்கக் கூட்டாளியோட கலிஃபோர்னியா ஸ்டாக்ஸ் லீப் ஒயினரியை வாங்கினாங்களே, அந்தத் தோட்டமும் 1385ஆ? நடுவுல பிரிட்டிஷ் பீர் கம்பெனி விட்பிரெட் குடும்பக் கம்பெனிக்குள்ள பங்கு வாங்கி உக்காந்திருந்துச்சே, திருப்பி வாங்கற வரைக்கும் அந்த வருஷங்கள் தலைமுறைக் கணக்குல சேருமா சேராதா? எவனும் வாயைத் திறக்க மாட்டான். 26 தலைமுறைன்னு மட்டும் வாய் கூசாம சொல்வீங்க.

மைதிலி:
திருப்பி வாங்கினாங்கன்னு நீங்களே சொல்லிட்டீங்களே, அப்புறம் என்ன? 1506ல வாங்கின ஃபுளோரன்ஸ் மாளிகை இன்னும் அவங்ககிட்டதான் இருக்கு. செவுத்துல சின்னதா ஒரு ஒயின் ஜன்னல், ஒரு குடுவை நுழையற அளவுதான், உள்ள இருக்கறவன் மூஞ்சி கூடத் தெரியாது, காசைக் குடுத்தா குடுவை வரும். பிளேக் காலத்துல தொடாம விக்கறதுக்கு ஊருக்கே அந்த மாதிரி ஜன்னல்தான் கை குடுத்துச்சு. அதையெல்லாம் கட்டிக் காப்பாத்தறது பாரம்பரியம் இல்லையா? இருக்கறவன்கிட்ட இருக்குன்னா உங்களுக்கு ஏன் வயித்தெரிச்சல்?

வரலாறு வாத்தி:
ஜன்னல் 1385ல இருந்துச்சா?

குட்டி சோமு:
ரூம்மேட் எந்திரிச்சு மறுபடியும் படுத்துட்டான்.

கடலோடி:
வாத்தி, நேர்ல போய் அந்தச் சுருள் படிக்கட்டுல ஒரு தடவை ஏறிப் பாருங்க, அப்புறம் பேசலாம். புத்தகம் படிச்சுட்டு ஒயின் பேசறவங்கதான் இந்த ஊர்ல ஜாஸ்தி.

வரலாறு வாத்தி:
டிக்கெட் வாங்கி டூர் போனவங்க எல்லாம் வரலாறு பேசறாங்களே, அதுக்கு இது தேவலாம். கைடு சொன்னதை இங்க வந்து ஒப்பிக்கறதுக்குப் பேரு அனுபவமாம். சங்கத்துல சேர்றதுக்கு என்ன விதி, ஒயின் செய்யறவன்தான் சேரணுமா, வாங்கி விக்கறவனும் சேரலாமா, அது தெரியாம இங்க யாரும் 1385 பேசக் கூடாது. தனிப் பதிவாவே எழுதறேன், படிக்கறவங்க படிங்க, பிளாக் பண்றவங்க பண்ணிக்கோங்க.

மைதிலி:
எழுதுங்க எழுதுங்க. பால்சாமிக் வினிகர்னு ஒரு தொடர் ஆரம்பிச்சீங்களே, ரெண்டாம் பாகம் இன்னும் வரல.

பழைய பாட்டில்:
கேபர்னே?