பிள்ளைக்கு லெட் ஏப்ரன் போடாதது அலட்சியமா?

கெதோட்:
ரெண்டு நாளா ஃபேஸ்புக்கில ஒரு பதிவு சுத்துது. "கொழும்பில ஒரு தனியார் இடத்தில மூண்டு வயசுப் பிள்ளைக்கு இடுப்பு எக்ஸ்ரே எடுத்தாங்க, லெட் ஏப்ரன் போடேல்ல. அங்க போகாதீங்க, எல்லாருக்கும் ஷெயார் பண்ணுங்க" எண்டு. ஷெயார் பண்ணின புண்ணியவான்களே, நோயாளிக்குக் கதிர் படாமல் ஈயத்தில பாலுறுப்புக் கவசம் போடுற வழக்கத்தை விடச் சொல்லி அமெரிக்க மருத்துவ இயற்பியலாளர் சங்கம் 2019இலயே அறிக்கை விட்டிட்டுது. 2021இல அமெரிக்கக் கதிர்ப் பாதுகாப்புச் சபை என்சிஆர்பியும் அதையே சொன்னது. ஏன் தெரியுமா? மேசைக்குக் கீழ, சிதறின கதிரை வடிக்கிற கிரிட்டுக்கும் படம் பிடிக்கிற டிடெக்டருக்கும் நடுவில ஏஈசி (கதிரைத் தானா அளந்து நிப்பாட்டுற கருவி) சேம்பர் மூண்டு இருக்கு. தேவையான அளவு கதிர் வந்து சேர்ந்ததும் அதுதான் மெஷினை நிப்பாட்டும். அதுக்கு நேர மேல ஈயத்தை வைச்சா கதிர் வந்து சேராது. பேக்கப் டைமர் வெட்டும்வரை அடிச்சுக்கொண்டே இருக்கும். காப்பாத்தப் போட்ட துணியே டோஸை, அதாவது உடம்பு வாங்கிற கதிரளவை, கூட்டும். அலட்சியம் எது?

வெள்ளவத்தை வாசகி:
கெதோட் அண்ணை, நீங்களே மூண்டு வயசு எண்டு எழுதியிருக்கிறியள். மூண்டு வயசுக்கு ஆர் ஏஈசி போடுறது? அந்தச் சேம்பர்கள் வளர்ந்த ஆளின்ர இடுப்பு அகலத்துக்குத் தள்ளித்தள்ளி வைச்சது. பிள்ளையின்ர உடம்பு அதை மூடாது. வெறும் சேம்பரில கதிர் நேரா விழும், மெஷின் நேரத்தோட வெட்டும், படம் பொரி பொரியா வரும். அதால கிரிட்டைக் கழட்டிப்போட்டு, 60–65 கேவி (கதிரின்ர வலு), கொஞ்ச எம்ஏஎஸ் (கதிரின்ர அளவு) எண்டு கையாலதான் வைக்கிறது. போடாத ஏஈசி எப்பிடி டோஸைக் கூட்டும்?

கெதோட்:
ஏஈசி ஒரு காரணம், மிஸ். மிச்சத்தையும் கேளுங்கோ. பாலுறுப்புக்குச் சர்வதேசக் கதிர்ப் பாதுகாப்பு ஆணைக்குழு ஐசிஆர்பி குடுத்த நிறைக்காரணி, அதாவது கதிரால அதுக்கு எவ்வளவு ஆபத்து எண்ட கணக்கு, 1977இல 0.25. 1990இல 0.20. 2007இல 0.08. ஹிரோஷிமா, நாகசாகியில தப்பினவையின்ர பிள்ளையளில பரம்பரைப் பாதிப்புக் கூடினதா இதுவரைக்கும் காட்ட முடியேல்ல. இனி கவசம் விழுற இடம். 2012இல நெதர்லாந்தில பிள்ளையளின்ர இடுப்புப் படங்களை எடுத்துப் பாத்தா, பெண் பிள்ளையளில 91 சதவீதத்தில கவசம் பிழையான இடத்தில. ஆண் பிள்ளையளில 66. சூலகம் எங்க இருக்கெண்டு வெளியால பாத்து ஆருக்குத் தெரியும்? ரெண்டு சென்றிமீற்றர் விலகினா இடுப்பின்ர பின்பக்கத் திருவெலும்பு மறையும். டொக்டர் திருப்பி அனுப்புவார், இன்னொரு படம், டோஸ் ரெண்டு மடங்கு. ஏஈசி இதெல்லாத்துக்கும் மேல.

மருதானை நானா:
கெதோட் செல்றதுல ஒண்டு சேத்துக்கங்க. ஃபீல்டுக்கு, அதாவது கதிர் விழுற இடத்துக்கு, வெளியில ஈக்கிற உறுப்புக்குப் போறதுல பெரும்பங்கு உடம்புக்குள்ளயே சிதறி வாற கதிர். மேல துணி போட்டா அது நிக்காது. வீட்டுக்குள்ள குழாய் உடைஞ்சு ஓடக்க, கூரைக்கு டார்பாலின் போட்ட கதைதான். அந்த இடத்தச் சுருக்குற கொலிமேட்டர ஒழுங்கா இறுக்குங்க, வேல முடிஞ்சி.

வெள்ளவத்தை வாசகி:
நானா, கொலிமேஷனில எனக்குச் சண்டை இல்லை. 91 சதவீதத்திலயும் இல்லை. ஆண் பிள்ளைக்குச் சரியான இடத்தில வைச்சா ஒரு எலும்பையும் மறைக்காது எண்டது என்ர பக்கம். 66 சதவீதம் பிழை எண்டா வைக்கப் பழக்குங்கோ. அண்ணைக்கு ஒரே கேள்வி: மூண்டு வயசுக்கு ஏஈசி போடுவீங்களா?

கெதோட்:
போன மாசம் இங்க நடந்த கிரியேட்டினின் விவாதத் திரியிலயும் இதே ஆள், இதே பாணி. ஒரு நூலைப் பிடிச்சா அறும்வரை இழுக்கிறது. அங்கயும் கடைசியில என்ன நடந்தது எண்டு எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும்.

வெள்ளவத்தை வாசகி:
அங்கயும் நீங்க பதில் சொல்லேல்ல. அதுதான் நடந்தது.

சொல்லாய்வு:
இடையில் புகுவதற்கு மன்னிக்கவும். எல்லோரும் "ஈயம்" என்கிறீர்கள். ரசம் வைக்கும் ஈயச்சொம்பு வெள்ளீயம். கதிரைத் தடுப்பது காரீயம். இரண்டும் வேறு உலோகம். துறை தெரிந்தவர்களே இப்படி எழுதலாமா?

மருதானை நானா:
பண்டிதரே, லெட் இல்லாத ஏப்ரன் வருது தெரியுமா? அன்டிமனி, பிஸ்மத், டங்ஸ்டன் போடுவாங்க. சிலதுல வெள்ளீயமும் ஈக்கி. ஒங்கட ரசச் சொம்பும் கதிர் தடுக்கும்.

சொல்லாய்வு:
நான் சொன்னது சொல்லைப் பற்றி. நீங்கள் பொருளைப் பற்றிப் பேசுகிறீர்கள்.

கொட்டாஞ்சேனை குமார்:
அப்ப பிள்ளையைப் பிடிச்சுக்கொண்டு நிக்கிற அம்மாவுக்கும் ஏப்ரன் வேண்டாமா? பல்லுக்கு எடுக்கேக்க கழுத்தில கட்டுறது? ஸ்கேனுக்கு?

கெதோட்:
குமார் தம்பி, கேக்கவேண்டிய கேள்வி. பிடிக்கிற ஆளுக்குக் கட்டாயம் வேணும். அவர் நோயாளி இல்லை, அவருக்கு அதால பலன் இல்லை. ஈயத் தடிப்பு 0.25 மில்லிமீற்றர் ஆவது இருக்கோணும், கை பீமுக்குள்ள (நேர்க் கதிருக்குள்ள) வரக்கூடாது, கர்ப்பிணியைப் பிடிக்க விடக்கூடாது. அந்த ஏப்ரனை மடிச்சுக் கதிரையில எறியக்கூடாது. மடிப்பில வெடிக்கும், கண்ணுக்குத் தெரியாது. கம்பில தொங்கவிட்டு, வருசத்துக்கு ஒருக்கா ஃப்ளோரோவில (ஓடுற எக்ஸ்ரேயில) பாக்கோணும். பல்லுக்கு: அமெரிக்கப் பல் வைத்தியர் சங்கம் 2024இல தைரொயிட் கொலரையும் ஏப்ரனையும் விடச் சொல்லிட்டுது. சிடி ஸ்கேனில கவசத்தோட ஸ்கவுட் (முன்னோட்டப் படம்) எடுத்தா, ஆள் தடிப்பு எண்டு நினைச்சு மெஷின் தானா எம்ஏயை, அதாவது கதிரை, கூட்டும். பாத்தீங்களா, அங்கயும் ஏஈசி மாதிரியே. வளர்ந்த ஆளின்ர நெஞ்சு எக்ஸ்ரே ஒண்டு 0.02 மில்லிசீவர்ட் (டோஸ் அளக்கிற அலகு). இயற்கையில வருசத்துக்குச் சராசரி 2.4. மூண்டு நாள் சும்மா வீட்டில இருந்தா வாற அளவு. அதுக்கு இவ்வளவு கூத்து.

வெள்ளவத்தை வாசகி:
சிடிக்கு ஓடியாச்சு. பதிவு சிடி பற்றினதில்லை. இன்னொண்டு: 1970களில இருந்து "போடு, போடு" எண்டு தாய்மாருக்குச் சொல்லிக் குடுத்தது உங்கட எக்ஸ்ரே துறைதான். இப்ப திடீரெண்டு கழட்டிப்போட்டு, கேட்ட அம்மாவிட்ட "தேவையில்லை" எண்டு ஒரு சொல்லோட கதவைச் சாத்தினா, அவ ஃபேஸ்புக்குக்குத்தான் போவா. அறைக்கு வெளியில மூண்டு மொழியில ஒரு தாள் ஒட்ட என்ன செலவு?

மருதானை நானா:
தாள் சரி. அத மட்டும் ஒத்துக்கொள்றன்.

கெதோட்:
தாள் ஒட்டுறது நிர்வாகம். ரேடியோகிராஃபரின்ர தலையில கட்டாதீங்கோ. ஒரு நாளைக்கு எத்தனை பேர் வரிசையில நிக்கினம் எண்டு வந்து பாத்திட்டு எழுதுங்கோ. டொக்டர்மார் காரணம் எழுதாமல் "எக்ஸ்ரே பெல்விஸ்" எண்டு மட்டும் கிறுக்கி அனுப்புறது ஆருக்கும் அலட்சியமாத் தெரியாது. தேவையில்லாத படத்தை எடுக்காமல் விட்டா மிச்சமாகிற டோஸ் எந்த ஏப்ரனாலயும் மிச்சமாகாது.

சொல்லாய்வு:
"ஏப்ரன்" என்பதற்கு மேலங்கி என்று எழுதலாம்.

கொட்டாஞ்சேனை குமார்:
அப்ப அந்த மூண்டு வயசுப் பிள்ளைக்கு ஏஈசி போடுவாங்களா, இல்லையா?

கெதோட்:
தம்பி, நீங்களுமா? மேல விளக்கமா எழுதியிருக்கு. சேம்பர் மூண்டு, கிரிட்டுக்கும் டிடெக்டருக்கும் நடுவில. திரும்ப வாசியுங்கோ.

வெள்ளவத்தை வாசகி:
வாசிச்சாச்சு. மூண்டு சேம்பர் இருக்கு. மூண்டு வயசு இல்லை.