ஸ்விம்ரன்: தோழியோடு கயிறு கட்டி நீந்தலாமா?

கேள்வி:
ஸ்டாக்ஹோமில் இருக்கிறேன். தோழியோடு இருவர் அணியாக ஸ்விம்ரன் போட்டிக்குப் போகிறேன். ஒரு தீவைக் கடந்து ஓடி, அடுத்த தீவுக்கு நீந்தி, மறுபடி ஓட வேண்டும். ஓட்டம் எனக்குச் சுலபம். நீச்சலில் அவள் எங்கேயோ போய்விடுகிறாள். ஞாயிற்றுக்கிழமை பயிற்சியில் நான் கரை சேர்ந்தபோது, பாறையில் உதடு நீலம் பாரித்து நடுங்கிக்கொண்டிருந்தாள். என்னால்தானே என்று மனசு கேட்கவில்லை. கயிறு உதவுமா?

பதில்:
கட்டாயம் உதவும். ஓட்டிலோ (ÖTILLÖ) என்ற ஸ்விம்ரன் போட்டியில் இருவரும் 10 மீட்டருக்குள் இருக்க வேண்டும் என்பதே விதி, அதனால் ஒருவர் முந்திப் பயனில்லை. இழுபடும் கயிற்றை இருவர் இடுப்பிலும் மாட்டுங்கள். அவர் பாதத்துக்குப் பின்னாலேயே ஒட்டி நீந்துங்கள், விலகினால் கயிறு வெட்டி இழுக்கும்.

இன்னொரு பதில்:
ஷூவோடு நீந்துவதால் கால் அமிழும். தொடைகளுக்கு நடுவே புல்பாய் (pull buoy) என்ற மிதவையை வையுங்கள். அப்புறம், கரையேறியதும் கயிற்றைக் கழற்றிவிடுங்கள். ஈரப் பாறையில் அது தடுக்கி என் நண்பனுக்கு முழங்காலில் மூன்று தையல்.

கேட்டவர்:
நேற்று கட்டிப் பார்த்தோம். சேர்ந்தே கரை வந்தோம். பாசி வழுக்கியது, அவள் முதலில் ஏறிக் கை நீட்டினாள். கை சூடாகவே இருந்தது.