24 அங்குலம் என்றேன், மூத்தாசாரி 72 சென்டிமீட்டர் அளந்தார்: அம்மாவுக்கு மரச்சட்ட வீடு வைத்த அனுபவம்

2017 நவம்பர் 30, ஒக்கி புயல் அடித்த நாள். எங்கள் விளையில் (தோப்பில்) நின்ற ஒரு அயனியும் (காட்டுப் பலா இனம்) இரண்டு பலாவும் வேரோடு சாய்ந்தன. கன்னியாகுமரி மாவட்டத்தில், களியக்காவிளைக்கு வடக்கே, கேரள எல்லையை ஒட்டிய ஊர் எங்களுடையது. அந்த அயனி என் அப்பா பிறப்பதற்கு முன்பே நின்ற மரம். மாவட்டம் முழுக்க ரப்பரும் தென்னையும் விழுந்து கிடந்த நேரம், மரத்துக்கு விலையே இல்லை. விறகு விலைக்குக் கேட்டு வந்தார்கள். அம்மா சம்மதிக்கவில்லை. "இதுல எனக்கு ஒரு சின்ன வீடு வச்சுத் தா, அது போதும்" என்றாள்.

அறுத்து, இடையிடையே குச்சி வைத்து அடுக்கி, நிழலில் இரண்டு வருடம் காயவிட்டோம். 2020 ஜனவரியில் வேலை தொடங்கியது. 12 அடிக்கு 16 அடியில் ஒரே அறை, பின்னால் சாய்ப்பு இறக்கி அடுக்களை. இரண்டடி உயரம் கருங்கல் கட்டு, அதன் மேல் மரச்சட்டம், சட்டத்துக்கு வெளியே சிமெண்ட் ஃபைபர் போர்டு, உள்ளே பலாப் பலகை. மேலே மச்சும் (பலகை அடித்த உள்கூரை) ஓடும். சுவர் முழுக்கச் செங்கல்லாக வைக்கலாமே என்று சொந்தக்காரர்கள் எல்லோரும் கேட்டார்கள். மரம் நம்மிடம் இருக்கிறது, மண்ணும் ஈரமண், பாரம் குறைவாக இருக்கட்டும் என்பதுதான் என் கணக்கு.

எல்லைக்கு அந்தப் பக்கம், கேரளத்து வெள்ளறடையிலிருந்து மூத்தாசாரி (தலைமைத் தச்சர்) ஒருவர் வந்தார். அறுபது தாண்டியவர். கையில் டேப் இல்லை, தச்சர்கள் அளக்கும் முழக்கோல்தான். மலையாளமும் தமிழும் கலந்த பேச்சு. முதல் நாளே கல்கட்டின் மேல் நூல் பிடித்து, மூலைக்கு மூலை அளந்தார். "12க்கு 16 எண்ணா கோணு சரியா 20 வரணும் மக்களே. ரெண்டு கோணும் 20 வந்தா மூலை நேரா நிக்கு." மூன்று, நான்கு, ஐந்து என்று பள்ளியில் படித்ததை நாலால் பெருக்கினால் அதுதான். அளவை நான் குத்துமதிப்பாகத்தான் சொல்லியிருந்தேன். அது இவ்வளவு வசதியான அளவு என்பது அவர் சொன்ன பிறகுதான் தெரிந்தது. சுவர் உயரத்தையும் அவரே 9 அடி என்று வைத்தார். 12 அடிச் சுவருக்கு 9 அடி உயரம் என்றால் கோணளவு, அதாவது மூலைக்கு மூலை அளவு, 15 அடி. இதுவும் பின்னால் உதவியது, சொல்கிறேன்.

கல்கட்டின் மேல் தார்ஷீட், அதற்கு மேல் ஓரம் வெளியே நீட்டிக் கீழ்நோக்கி மடித்த தகடு. சிதல் (கரையான்) தகட்டைச் சுற்றி வெளியே மண்கூடு கட்டித்தான் மேலே ஏற முடியும், அதைக் கண்ணால் பார்த்துத் தட்டிவிடலாம். அதன் மேல் அயனியில் அடிச்சட்டம். அதில் துளையிட்டு, மூன்றுக்கு நாலு இஞ்ச் கால்களைக் கழுந்து (துளைக்குள் செருகும் முனை) செதுக்கி இறக்குவது என்று முடிவு.

இங்கேதான் பிரச்சினை வந்தது. "24 அங்குலத்துக்கு ஒரு கால் போடுங்க மாமா" என்று சொல்லிவிட்டு நான் வேலைக்குப் போய்விட்டேன். இரண்டு நாள் கழித்துப் பார்த்தால் அடிச்சட்டம் முழுக்கத் துளை போட்டு முடித்திருந்தார், அழகான வேலை. ஒரு போர்டை எடுத்துச் சும்மா சாய்த்து வைத்துப் பார்த்தேன். போர்டு 4 அடி அகலம், அதாவது 122 சென்டிமீட்டர். அதன் ஓரம் எந்தக் காலிலும் உட்காரவில்லை, அந்தரத்தில் நின்றது. அடுத்த கால் ஒரு சாணுக்கு அப்பால்.

டேப் பிடித்தேன். துளைக்குத் துளை 72 சென்டிமீட்டர். அவரைக் கேட்டேன். "நீ 24 அங்குலம் எண்ணுதானே சொன்ன? கோலு ஒண்ணுக்கு 24 அங்குலம்." முழக்கோலை நீட்டினார். அவர் சொன்னது அத்தனையும் சரி. கேரளத் தச்சுக் கணக்கில் ஒரு கோல் 72 சென்டிமீட்டர், அதில் 24 அங்குலம், ஒரு அங்குலம் 3 சென்டிமீட்டர். நான் சொன்ன அங்குலம் இஞ்ச், இரண்டரை சென்டிமீட்டரும் கொஞ்சமும்; 24 இஞ்ச் என்றால் 61 சென்டிமீட்டர், போர்டு அகலத்தில் சரிபாதி. ஒரே சொல், இரண்டு அளவு. எல்லையில் இருப்பவர்கள் இதைத் தயவுசெய்து மனதில் வையுங்கள். வாயால் சொல்லாதீர்கள், சென்டிமீட்டரில் எழுதிக் கொடுங்கள். முடிந்தால் போர்டையே அவர் முன்னால் கொண்டுவந்து வையுங்கள்.

இன்னொன்றும் அதோடு சேர்ந்தது. அந்த 61 சென்டிமீட்டர் என்பது ஒரு காலின் மையத்திலிருந்து அடுத்த காலின் மையம்வரை. கால்களுக்கு இடையிலான காலி இடம் அல்ல. காலி இடத்தை 61 வைத்தால், கால் மூன்று இஞ்ச் அகலம் என்பதால், இரண்டாவது காலிலேயே போர்டு ஓரம் தப்பிவிடும். மையம் பிடித்தால் இரண்டு போர்டுகளும் ஒரே காலில் பாதிப் பாதியாக உட்காரும், நடுவே 3 மில்லிமீட்டர் இடைவெளியும் விடலாம்.

மூத்தாசாரி ஒரு வார்த்தை கோபப்படவில்லை. பழைய துளைகளைப் பலாக் கட்டையால் அடைத்துச் சீவி, பக்கத்தில் புதுத் துளை போட்டார். கூலி வாங்க மறுத்தார். அளவு சொன்னதில் பிழை என்னுடையதும்தான் என்று சொல்லி மூன்று நாள் கூலியை அவருடைய சட்டைப்பையில் வைத்தேன்.

அப்புறம் மார்ச் வந்தது. நான்கு சுவர்ச் சட்டமும் நின்றுவிட்டது, மேல் உத்திரமும் ஏறிவிட்டது. போர்டு அடிக்கவில்லை, கூரை இல்லை. 24ஆம் தேதி இரவு ஊரடங்கு. களியக்காவிளையில் எல்லையை அடைத்தார்கள். மூத்தாசாரி அந்தப் பக்கம், சட்டம் இந்தப் பக்கம்.

மேலே தார்ப்பாய் கட்டினோம். ஏப்ரலில் ஒரு சாயங்காலம் கோடைமழையும் காற்றும். தார்ப்பாய் பாய்மரம் மாதிரி பிடித்து இழுத்தது. காலையில் பார்த்தால் தெற்குச் சுவர் லேசாகச் சரிந்த மாதிரி இருந்தது. போனில் சொன்னேன். "கண்ணுக்குத் தெரியதெ விடு, கோணு அளந்து சொல்லு" என்றார். 12 அடிச் சுவர். ஒரு கோணளவு 15 அடி 1 இஞ்ச், மற்றது 14 அடி 11 இஞ்ச். அவர் கொஞ்சநேரம் பேசவில்லை, பிறகு சொன்னார்: மேலே ஒன்றேகால் இஞ்ச் சாய்ந்திருக்கிறது. தூக்குக்குண்டு விட்டுப் பார்த்தேன், அதேதான்.

கழுந்தும் துளையும் எவ்வளவு இறுக்கமாக இருந்தாலும், நாற்கோணச் சட்டம் பக்கவாட்டில் தள்ளினால் சரியும். முக்கோணம் சரியாது. போர்டு அடித்த பிறகு போர்டே அந்த வேலையைச் செய்துவிடும். அதுவரை ஒவ்வொரு சுவரிலும் ஒரு குறுக்குப் பலகை வேண்டும். இன்னும் நாலு நாளில் போர்டு அடிக்கப்போகிறோம் என்று நாங்கள் அதை விட்டிருந்தோம். அத்தானும் நானும் தென்னையில் வடம் கட்டி இழுத்து, இரண்டு கோணளவும் 15 அடி வரும்வரை பிடித்து, மூலைக்கு மூலை பலகை அறைந்தோம். மூத்தாசாரி போனை வைக்கவே இல்லை. ஒவ்வொரு ஆணிக்கும் "அளந்தியா?" என்று கேட்டார்.

ஜூனில் பாஸ் எடுத்து வந்தார். முகக்கவசத்தோடு வந்து நின்று, முதலில் தூக்குக்குண்டை விட்டுப் பார்த்துவிட்டுத்தான் என்னைப் பார்த்துச் சிரித்தார்.

கூரை வேலையைச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் அதில் அவருக்குத் தெரியாதது எதுவும் இல்லை. உச்சியில் மோந்தாயம், அதிலிருந்து சரிவாக இறங்கும் கழுக்கோல், அதற்குக் குறுக்கே பட்டியல், அதன் மேல் ஓடு. ஓடு 100 சதுர அடிக்கு 150 என்று கணக்குப் போட்டு, உடைசலுக்கும் சேர்த்து வாங்கினோம். ஒக்கியை நினைத்து ஒவ்வொரு கழுக்கோலையும் உத்திரத்தோடு இரும்புப் பட்டை போட்டு போல்ட் முறுக்கினோம். பழைய வீடுகளில் பாரத்தாலேயே உட்கார்ந்திருக்கும், ஆனால் காற்று கூரையைக் கீழேயிருந்து மேலே தூக்கும்.

மச்சுக்குத் துலாம் (மச்சைத் தாங்கும் குறுக்குக் கட்டை) எப்போதும் சின்னப் பக்கத்துக்குத்தான், அதாவது எங்கள் வீட்டில் 12 அடிக்குக் குறுக்கே. மூன்றுக்கு ஆறு இஞ்ச் கட்டையை, ஆறு இஞ்ச் உயரவாக்கில் வர, நிறுத்தி வைத்தோம். அதே கட்டையைப் படுக்க வைத்தால் மர அளவு ஒன்றுதான், ஆனால் தொய்வைத் தாங்கும் விறைப்பு நாலில் ஒன்றாகிவிடும். எங்கள் பழைய வீட்டின் ஒரு அறையில் யாரோ உயரம் மிச்சம் பிடிக்கப் படுக்க வைத்திருக்கிறார்கள், மச்சு தொட்டில் மாதிரி தொங்குகிறது. சின்ன வயதில் அதற்குக் கீழே படுக்க எனக்குப் பயமாக இருக்கும்.

யாராவது இப்படிச் சட்டம் நிறுத்தியிருந்தால் உங்கள் அனுபவத்தையும் எழுதுங்கள்.

*

பேச்சிப்பாறைப் பக்கத்திலிருந்து:

எங்களுக்கும் ஒக்கியில் ரப்பர்தான் விழுந்தது. சும்மா கிடக்கிறதே என்று மச்சுக்கு அடிச்சட்டம் ரப்பர் மரத்தில் அறுத்துப் போட்டோம். அறுத்தபோது வெளுப்பாக, பார்க்க லட்சணமாக இருந்தது. ஆறு மாதத்தில் காலையில் எழுந்தால் பாயில் மாவு கொட்டிக் கிடக்கும். உளு. ரப்பர் மரத்தில் மாவுச்சத்து அதிகம், வண்டு தேடி வரும், ஈரம் இருந்தால் பூசணமும் பிடிக்கும். வெட்டிய உடனே அறுத்து, போராக்ஸும் போரிக் அமிலமும் சேர்ந்த கரைசலை அழுத்தத்தில் ஏற்றிக் காயவைத்திருக்க வேண்டும், நாங்கள் செய்யவில்லை. பிறகு மண்ணெண்ணெய் பூசினோம், வார்னிஷ் அடித்தோம், ஒன்றும் நிற்கவில்லை. முழுக்கப் பிரித்து எரித்துவிட்டு அயனி வாங்கிப் போட்டோம். என் மனைவிக்கு அந்த மாவால் தும்மல் வந்து ஒரு வருடம் கஷ்டப்பட்டார். மரம் இலவசம் என்பதற்காகப் போடாதீர்கள் அண்ணே.

*

புளியரையிலிருந்து:

எங்களுடையது மரம் இல்லை, ஓட்டு வீட்டுக்குக் கீழே ஜிப்சம் சீலிங். ஆரியங்காவுக் கணவாய்க் காற்று இங்கே ஜூனில் தொடங்கினால் ஓட்டை நகர்த்திவிடும், கூடவே சாரல். சீலிங் போட வந்த பையன்கள் சீலிங் செக்‌ஷனை (போர்டைத் தாங்கும் உலோகச் சட்டம்) 2 அடிக்கு ஒன்று வைத்தார்கள். ஒன்றரை அடிக்கு ஒன்று, 457 மில்லிமீட்டர், என்று கம்பெனித் தாளிலேயே போட்டிருக்கிறது, எனக்கு அப்போது தெரியாது. முதல் சாரலில் ஓடு நகர்ந்து தண்ணீர் சொட்டி, போர்டு நனைந்து, இரண்டு சட்டத்துக்கு நடுவே வயிறு தள்ளியது. ராத்திரி ஒரு பலகை அப்படியே விழுந்தது. மாமியார் அப்போதுதான் எழுந்து தண்ணீர் குடிக்கப் போயிருந்தார். இன்றைக்கும் அதை நினைத்தால் கை நடுங்குகிறது.

இப்போது கால்சியம் சிலிகேட் போர்டு, ஒன்றரை அடி இடைவெளி. ஒரு கேள்வி. உங்கள் மச்சுக்கு மேலே ஓடு ஒழுகினால் எப்படித் தெரிந்துகொள்வீர்கள்? வெயில் காலத்தில் மேலே சூடு தேங்காதா?

*

புளியரை அக்கா, கேட்டது நல்லது, அதை எழுத விட்டுவிட்டேன்.

கிழக்கு மேற்கு இரண்டு முகப்பிலும் மரக்கிராதி வைத்திருக்கிறோம். அதன் வழியாகக் காற்று உள்ளே நுழைந்து மறுபக்கம் போகும். ஓட்டுச் சூடு மச்சுக்கு மேலேயே வெளியேறிவிடும். வௌவாலும் அணிலும் நுழையாமல் கிராதிக்கு உள்பக்கம் கம்பிவலை அடியுங்கள், நாங்கள் முதல் வருடம் அடிக்காமல் சிரமப்பட்டோம்.

ஏறிப் பார்க்க அடுக்களைப் பக்கம், இரண்டு துலாங்களுக்கு நடுவே, இரண்டடிக்கு இரண்டடியில் ஒரு வாசல் விட்டிருக்கிறோம். பலகை தூக்கி வைத்தால் ஆள் ஏறலாம். துலாத்தை வெட்டி வாசல் போட வேண்டாம். ஒவ்வொரு மழைக்கும் முன்னால், மே கடைசியிலும் அக்டோபர் தொடக்கத்திலும், டார்ச்சோடு ஏறி ஓட்டின் அடியைப் பார்க்கிறேன். ஈரக் கறை தெரிந்தால் அந்த ஓட்டைக் கீழேயிருந்தே தள்ளிச் சரிசெய்துவிடலாம். போன முறை மூன்று ஓடு மாற்றினேன். துலாங்களுக்கு நடுவே நூல் பிடித்தும் பார்த்தேன், தொய்வு இல்லை.