உதவி: பீக்கரில் படிகம் வருகிறது, துளியில் வரவில்லை

தோவாளைப்பூ | செவ்வாய், இரவு 11.40
அவசரம். வெள்ளிக்கிழமை வைவா (வாய்மொழித் தேர்வு). கரைசல் ஒன்றுதான். பீக்கரில் மிஞ்சியது அடியில் படிகமாகக் கிடக்கிறது. கண்ணாடித் தட்டில் வைத்த 48 துளிகளில் 5இல் மட்டும் படிகம். மற்றவை மூன்று நாளாகத் தெளிந்தே நிற்கின்றன. துளி வைக்கவே எனக்குத் தெரியவில்லை என்கிறார் ஆசிரியர். எங்கே தவறு?

மழைமானி | 11.52
என்ன கரைசல்? துளி எவ்வளவு? மூடியா, திறந்தா? உப்பு என்றால் ஈரப்பதம்தான் காரணம். காற்றின் ஈரப்பதம் 75 விழுக்காட்டுக்கு மேல் இருந்தால் உப்புத் துளி காயவே காயாது. இந்த ஆடிச் சாரலில் நாகர்கோவிலில் கொடியில் போட்ட துணியே காயவில்லை.

பழைய ஆய்வகம் | புதன், காலை 5.30
ஒவ்வோர் ஆண்டும் யாராவது இதே கேள்வியோடு வந்து நிற்கிறார்கள். பழைய இழைகளைத் தேடிப் படிக்கும் பழக்கமே போய்விட்டது. கரைசலின் பெயரைக்கூடச் சொல்லாமல் தவறு எங்கே என்று கேட்பது, நாடியைக் காட்டாமல் மருந்து கேட்பது போல. கண்ணாடிக் கம்பியால் பாத்திரத்தின் உட்சுவரைக் கீறுங்கள், படிகம் வரும். பள்ளிப் பாடம்.

கடுக்கரை | 5.48
ஒரு துளிக்குள் கம்பியை எப்படி விடுவது ஐயா? கொசுவிடம் கால் கடன் கேட்க வேண்டும்.

தோவாளைப்பூ | 6.15
மன்னிக்கவும். கடையில் வாங்கிய பாக்கெட் உப்பு. கொதிக்கும் நீரில் கரைத்தேன். துளி 1 மைக்ரோலிட்டர், தேங்காய் எண்ணெய்க்கு அடியில். பீக்கரில் 100 மி.லி. பஸ் வந்துவிட்டது.

உப்பளத்தான் | 6.40
மக்களே, பாக்கெட் உப்பில் கட்டி பிடிக்காமல் இருக்க மருந்து சேர்ப்பார்கள். அது படிகத்தைத் தடுக்கும். தாமரைகுளம் பக்கம் வா, பாத்தித் தண்ணீர் தருகிறேன். தண்ணீரின் அடர்த்தியை அளக்கும் பாமே கணக்கில் 25 டிகிரி தொட்டதும் உப்பு இறங்கத் தொடங்கும். காற்றில்லாத காலையில் முதலில் மேலேதான் மிதக்கும். நடுவில் குழிந்த சின்னச் சதுரக் கிண்ணங்கள். விரல் நுனி பட்டால் போதும், மூழ்கிவிடும்.

கடுக்கரை | 7.05
அண்ணாச்சி சொன்ன கிண்ணத்தைப் பார்க்கவே அங்கே போகலாம். ஆனால் இங்கே சிக்கல் இரண்டு.

முதலாவது, உப்பைச் சுட வைத்துப் பயனில்லை. 100 கிராம் நீரில் 0 டிகிரியில் சுமார் 35.7 கிராம் கரையும், 100 டிகிரியிலேயே 39 கிராம்தான். ஆறும்போது வெளியே வர வேண்டியது இரண்டு மூன்று கிராம். உந்துதல் அவ்வளவுதான்.

இரண்டாவது, துளியின் அளவு. பீக்கரில் எங்காவது ஒரு தூசியில் ஒரே ஒரு கரு, அதாவது படிகம் வளரத் தொடங்கும் முதல் துணுக்கு, பிறந்தால் போதும், மற்ற உப்பெல்லாம் அதைத் தேடி வரும். துளிகளுக்கு அந்த வசதி இல்லை. ஒவ்வொன்றும் தன் கருவைத் தானே பெற்றாக வேண்டும். உங்கள் துளி பீக்கரில் லட்சத்தில் ஒரு பங்கு. பீக்கரில் ஒரு கரு பிறக்கச் சராசரி ஒரு நிமிடம் என்றால், துளியில் லட்சம் நிமிடம், ஏறக்குறைய 69 நாள். மூன்று நாளில் ஐந்து துளியில் வந்ததே அதிகம். அந்த ஐந்தில் தூசி இருந்திருக்கும். சில மைக்ரான் நீர்த்துளி மைனஸ் 38 டிகிரி வரை உறையாமல் நிற்பதற்கும் இதுதான் காரணம்.

வெடியுப்புக்கு (பொட்டாசியம் நைட்ரேட்) மாறுங்கள். 60 டிகிரியில் சுமார் 110 கிராம் கரையும், 30 டிகிரியில் 45 கிராம்தான். 100 மி.லி. நீரில் 60 கிராம் போட்டு, 50 டிகிரியில் கரைத்து, வடிகட்டித் துளி வையுங்கள். எண்ணெயும் வெதுவெதுப்பாக இருக்கட்டும். பிறகு மணிக்கொரு முறை படிகம் வராத துளி எத்தனை மீதி என்று எண்ணுங்கள். அந்த எண்ணிக்கைதான் உங்கள் ஆய்வு.

மழைமானி | 7.20
எண்ணெய் வழியாகவும் நீர் மெல்ல வெளியேறும். ஈரப்பதத்தை அவ்வளவு எளிதில் தள்ளிவிடாதீர்கள்.

பழைய ஆய்வகம் | 7.31
கரு, தூசி என்று கதை வேண்டாம். பனங்கற்கண்டுக்கு நூல் கட்டுகிறோமே, அதிலா தூசி இருக்கிறது?

உப்பளத்தான் | 7.44
நூலின் பஞ்சு முனையில்தான் படிகம் பிடிக்கும். எங்கள் பாட்டி அக்கானி காய்ச்சியதைப் பார்த்திருக்கிறேன். பானைச் சுவரிலும் கற்கண்டு பிடித்திருக்கும்.

பழைய ஆய்வகம் | 7.50
பதநீர் என்பதே சரியான சொல்.

உப்பளத்தான் | 7.52
கல்குளத்திலும் விளவங்கோட்டிலும் போய்ச் சொல்லிப் பாருங்கள்.

(இதற்குப் பிறகு 14 பதிவுகள், எல்லாம் பதநீரைப் பற்றி.)

தோவாளைப்பூ | வியாழன், இரவு 10.10
வெடியுப்பு வேலை செய்தது. முதல் மணியில் 48இல் 11 துளியில் படிகம், நான்காம் மணியில் 27இல். வடிகட்டாமல் வைத்த தட்டில் முதல் மணியிலேயே 40. கடுக்கரைக்கு நன்றி. இன்னும் வரைபடம் போடவில்லை.

மழைமானி | 10.14
அறையின் ஈரப்பதம் எவ்வளவு என்று குறித்தீர்களா?